கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்



காங்கேயம், தாராபுரம் பக்கத்துக்காரர்களுக்குக் கொறங்காட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரம், அடியிலே கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தக் காட்டை நம்பித்தான். இதே புல்லை ராஜஸ்தான் பாலைவனச் சீமையிலே அஞ்சன் என்று சொல்லி வளர்க்கிறார்கள். அவ்வளவு வறட்சி தாங்கும்.

அப்படிப்பட்ட புல் இன்றைக்குப் பல காடுகளிலே திட்டுத் திட்டாக அழிந்து, அந்த இடத்தில் சீமைக் கருவேல் ஏறிவருகிறது. "மழை இல்லீங்க, புல் எப்படி வரும்?" என்று கேட்பீர்கள். மழை ஒரு காரணம்தான். மேலே காய்ந்தாலும் தூர் லேசில் சாகாது. ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். துளிர்த்த உடனே செம்மறியை விட்டால் ஒட்டக் கடித்துவிடும். தூரும் தளரும், விதையும் விழாது. வருடா வருடம் இப்படியே செய்தால் எந்தப் புல் தாங்கும்?

காட்டை நாலு கட்டாகத் தடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு கட்டை மட்டும் விதை முற்றி உதிரும்வரை அடைத்துவையுங்கள். அடுத்த வருடம் வேறு கட்டு. மற்ற மூன்றிலும் மாற்றி மாற்றி மேய்க்கலாம். முதலில் மாடு, பிறகுதான் செம்மறி.

சொட்டை விழுந்த இடத்தில் விதைக்கத்தான் வேண்டும். அன்றைக்கு அறுத்த விதை சரியாக முளைக்காது. ஆறேழு மாதம் வைத்திருந்து போடுங்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். விதை பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும், காற்றிலும் பறக்கும். அதனால் ஈரமணலோடு பிசறித் தூவவேண்டும். ஆழ உழுது மூடினால் முளைக்காது. மேலாகக் கீறி, தூவி, முள்ளைக் கட்டி ஒரு இழுப்பு இழுத்தால் சரி. கொஞ்சம் நரிப்பயறும் கலந்துகொள்ளலாம். முதல் வருடம் மேய்ச்சல் கூடாது, இளம் தூரை மாடு வேரோடு பிடுங்கிவிடும். அறுத்துப் போடுங்கள்.

வெள்வேல் மரத்தை விறகுக்கு விற்றுவிடாதீர்கள். புல் காய்ந்து கிடக்கிற சித்திரை, வைகாசியிலே அதன் காய்தான் ஆட்டுக்குத் தீனி. புழுக்கையோடு விதை விழுந்து மரமும் தானே வரும். சீமைக் கருவேலும் இதே வழியில்தான் பரவுகிறது. அதன் காயைத் தின்ற ஆட்டைச் சில நாள் பட்டியிலேயே நிறுத்தி, பிறகு கொறங்காட்டுக்குள் விடுங்கள். தப்பி முளைத்த கன்றை ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கவேண்டும்; வெட்டிவிட்டால் அடியிலிருந்து மறுபடியும் தழைந்துவிடும்.