தமிழில் ஒட்டகம்: ஒரு சொல்லும் ஓர் உயிரும்



மழையும் பனிமூட்டமும் தேயிலைத் தளிரும் நிறைந்த கேமரன் மலையில் பாலைநிலத்து ஒட்டகத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். தமிழகமும் ஒட்டகத்தின் தாயகம் அன்று. ஆயினும் தொல்காப்பியமும் சங்கப் பாட்டும் அதனை அறியும். தன் மண்ணில் பிறவாத ஓர் உயிரைத் தமிழ் எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதே இன்றைய பொருள்.

முதலில் அவ்வுயிரை அறிவோம். அரபு நாடுகளிலும் வட ஆப்பிரிக்காவிலும் இராசத்தானத்திலும் வாழ்வது ஒற்றைத் திமில் ஒட்டகம். அதன் திமிலில் நீர் இருப்பதாகப் பலரும் கருதுகின்றனர். அங்கிருப்பது கொழுப்பே, தீனி கிடைக்காத நாள்களில் அதுவே உணவாகிறது. நீரைக் காக்கும் வழிகள் வேறு. 1950களில் சகாராவில் ஆய்வு நிகழ்த்திய நட் ஷ்மிட்-நீல்சன் என்னும் அறிஞர் அவற்றைத் தெளிவாக்கினார். நீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல்வெப்பம் இரவில் ஏறத்தாழ 34 பாகை வரை தாழ்ந்து, பகலில் 40 பாகையைக் கடந்து உயர்கிறது. வெப்பத்தை உடலிலேயே தேக்கி இரவில் வெளிவிடுவதால் வியர்வையாகும் நீர் மிச்சமாகிறது. உடல் எடையில் நான்கில் ஒரு பங்களவு நீரை இழந்தாலும் அது பிழைத்திருக்கும். நீரைக் கண்டால் சில நிமிடங்களில் 100 லிட்டர் அளவுக்குக் குடித்துவிடும். 'ஒட்டகத்துக்கு ஒரு பக்கமா கோணல்?' என்பது நம் பழமொழி. அக்கோணல்களில் பலவும் பாலையில் உயிர்காக்கும் அமைப்புகளே.

இனி நூல்களுக்கு வருவோம். ஒட்டகத்தின் பெண்ணைப் 'பெட்டை' என வழங்கலாம் என்றும், அதன் இளமைக்குக் 'கன்று' என்னும் பெயர் ஒருவகையால் பொருந்தும் என்றும் தொல்காப்பிய மரபியல் விதிக்கிறது. சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துக் கரையில் அலை கொணர்ந்து ஒதுக்கிய அகிற்கட்டைகளுக்கு உறங்கும் ஒட்டகம் உவமையாகிறது. அறிந்த பொருளைக் கொண்டு அறியாததை விளக்குவதே உவமை. ஆகவே, கேட்போர் ஒட்டகம் படுத்துறங்கும் தோற்றத்தை அறிந்திருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை.

அகநானூற்று 245ஆம் பாட்டு இன்னும் வியப்புக்குரியது. வறண்ட வழியில் உலர்ந்து கிடக்கும் வெள்ளெலும்பு ஒட்டகத்தின் பசியைத் தீர்ப்பதாக அது கூறுகிறது. தழையுண்ணும் விலங்கு எலும்பைத் தின்னுமா? வகுப்பறையில் மாணவர் இவ்வாறு வினவினால், 'புலவர் கற்பனை' என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அது கற்பனை அன்று. மேய்ச்சலில் பாஸ்பரசு போன்ற தாதுக்கள் குறையும்போது ஒட்டகங்கள் எலும்பைக் கடித்து மெல்லுவதைக் கால்நடை மருத்துவர் இன்றும் பதிவு செய்கின்றனர். ஒட்டகத்தை அருகிருந்து கண்டவரோ, கண்டவர் வாய்க் கேட்டவரோ அன்றி வேறெவரும் இச்செய்தியைச் சொல்லியிருக்க இயலாது.

சொல்லின் வரலாறும் இதற்கு இயைந்ததே. ஒட்டகம் என்பதை வடமொழி 'உஷ்ட்ர', பாகத 'உட்ட' என்பவற்றோடு மொழியியலார் பலர் தொடர்புபடுத்துவர். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'ஒண்டெ' என்பர், இந்தியில் 'ஊண்ட்', நீங்கள் நாள்தோறும் கேட்கும் மலாயில் 'உந்தா'. இவை அனைத்தும் ஒரே வழியில் வந்த உறவுகள். ஆனால் ஒலி ஒத்தவை யாவும் உறவாகிவிடா. 'கேமல்' என்னும் ஆங்கிலச் சொல் செமித்தியக் குடும்பத்திலிருந்து கிரேக்கம், இலத்தீன் வழியாக வந்தது. 'கேமரன்' என்பதோ 1885இல் இம்மலையை அளந்தறிய வந்த வில்லியம் கேமரனின் பெயர். இரண்டிற்கும் ஒலியொப்புமை உண்டே தவிர, உறவு இல்லை.

வந்த சொல்லைத் தமிழ் வாசலில் நிறுத்திவிடவில்லை. பெட்டை என்றும் கன்று என்றும் தன் இலக்கணத்துள் இடமளித்தது. இப்பண்பை இம்மலையிலேயே காணலாம். சீனத்தின் மின்னான் வழக்கிலுள்ள 'தே' என்பதோடு நம் 'இலை' சேர்ந்து 'தேயிலை' ஆயிற்று. அச்சொல் அயலது என்று இன்று யார் உணர்கின்றனர்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழம்பாட்டில் ஒரு விலங்கு வந்தால் உரைநூலை மட்டும் நாடாது, விலங்கியல் நூலையும் புரட்டுங்கள். மாணவர்களே, ஐயம் எழுந்தால் தயங்காது கேளுங்கள். 'ஒட்டகம் எலும்பு தின்னுமா?' என்பது நல்ல கேள்வி. அதற்கு விடை தேடியதால்தான் அப்புலவர் கூற்று மெய்யென்று நமக்குத் தெளிவாயிற்று.