தாயின் மனமும் தாய்சேய் நலமே



கருவுற்ற பெண்ணின் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு ஆகியவை ஒவ்வொரு பரிசோதனையிலும் குறிக்கப்படும் தமிழ்நாட்டில், குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை அவளது மனநிலையும் அதே ஒழுங்குடன் கேட்டறியப்பட வேண்டும் என்பதும், அக்கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர் செவிலியரே என்பதும் இவ்வுரையின் மையக் கருத்து.

கொங்கு நாட்டுக் குடும்பங்கள் கர்ப்பிணியைப் பேணுவதில் குறை வைப்பவை அல்ல. கட்டுச்சோறு விருந்தும், தாய்வீட்டுப் பிரசவமும், பத்தியச் சாப்பாடும் அவளது உடலுக்கு ஊட்டமும் ஓய்வும் தருகின்றன. எனினும் பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுதால், அதைக் கண்ணேறு என்று சொல்லிச் சுற்றிப்போடுவதோடு நின்றுவிடும் வழக்கமும் அதே வீடுகளில் உண்டு. பின்னலாடைத் தொழிலை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூர் வட்டாரத்துக்கு வந்து வாடகை அறையில் குடியிருக்கும் இளம் தாய்க்கோ, தாய்வீட்டுத் துணையும் எளிதில் வாய்ப்பதில்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய மனத்துயரங்கள் எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல. முதல் சில நாள்களில் தோன்றி, இரண்டு வாரங்களுக்குள் தானே தணிந்துவிடும் அழுகையும் எரிச்சலும் இயல்பான மனவாட்டம். அதைக் கடந்தும் நீடிக்கும் சோர்வும் குற்றவுணர்வும் எதிலும் பிடிப்பின்மையும் மனச்சோர்வு எனப்படும் நோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் நேரும் மனப்பிறழ்வு, அதாவது இல்லாத குரல் கேட்பதும் பொய்யான நம்பிக்கைகளில் சிக்குவதும், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய அவசரநிலை.

தமிழக ஊர்ப்புறத் தாய்மாரிடையே நடத்தப்பட்டு 2002இல் வெளியான வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு, பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 விழுக்காடு எனக் கண்டது. வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண்குழந்தை பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்கு உதவி இல்லாமை ஆகியவை அதன் காரணிகளாகத் தெரியவந்தன. இவற்றில் எதுவும் தாயின் மனவலிமைக் குறைவு அன்று. அவளைச் சுற்றியுள்ளோர் மாற்றக்கூடியவையே பல.

நோயைக் கண்டறியும் கருவியும் எளியது. 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலில், கடந்த ஏழு நாள்களைப் பற்றிய பத்துக் கேள்விகளே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தமிழ் வடிவமும் உண்டு. தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும் பத்தாவது கேள்விக்கு ஆம் என்ற விடை வந்தால், மொத்த மதிப்பெண் எதுவாயினும் அத்தாயைத் தனியே விடலாகாது. உறவினர் சூழ்ந்திருக்கும்போது உண்மையான விடை கிடைப்பதரிது, ஆகவே அவர்களைப் பக்குவமாக வெளியே அனுப்பிவிட்டு, "கண்ணு, கொழந்தை தூங்குற நேரத்துலயாச்சும் உனக்குத் தூக்கம் வருதா?" என்று அவள் பேசும் தமிழிலேயே தொடங்குவது நன்று.

கண்டறிந்தபின் கைவிரிக்க வேண்டியதில்லை. எண்ணப் போக்கைப் பேச்சின் வழியே சீர்செய்யும் உளச்சிகிச்சையைப் பாகிஸ்தானின் ராவல்பிண்டி ஊர்ப்புறங்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிச் சென்று அளித்தபோது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகையில் மனச்சோர்வு நீடித்தோர் 23 விழுக்காடாகவும், அச்சிகிச்சை பெறாதோரிடையே 53 விழுக்காடாகவும் இருந்தனர் என்பதை 2008இல் அத்திஃப் ரஹ்மான் குழுவினர் வெளியிட்டனர். கடும் நோயுற்ற தாய் சேயுடன் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு, பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தில் 2009இல் தொடங்கப்பட்டது. மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் விதிக்கிறது. தொலைபேசி ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் கட்டணமின்றி இயங்குகிறது.

காங்கேயத்தில் இன்று செவிலியர் பட்டம் பெறுவோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, தனியார் மருத்துவமனையிலோ, தொழிற்சாலை மருந்தகத்திலோ பணியேற்கும் முதல் வாரத்திலேயே இப்பத்துக் கேள்விகளையும் அங்கு வழக்கமாக்குவாராயின், கற்ற கல்வி உரியவரைச் சென்றடையும். தாயின் மனத்துயரைக் குறையாகப் பாராமல் நோயாகப் பார்த்து, உரிய நேரத்தில் உதவி பெற்றுத்தரும் செவிலியர் தலைமுறையாக இவர்கள் விளங்க வாழ்த்துகள்.