செவிவழிச் செல்வம்



ஐம்பொறிகளை அடக்குதல் சமண நெறியின் அடிப்படை ஒழுக்கங்களுள் ஒன்று. அப்பொறிகளுள் செவியும் அடங்கும். யாழிசையில் மயங்கி நெருங்கி வரும் அசுணம் என்னும் விலங்கைப் பறையோசையால் வேடர் வீழ்த்துவர் என்று சங்க இலக்கியம் கூறும். செவிப்புலனுக்கு அடிமையான உயிரின் நிலை அதுவே. எனினும், சமவசரணத்தில் தீர்த்தங்கரரின் அறவுரை திவ்யத்தொனியாக எழுந்து, கேட்டோர் செவிவழியே உள்ளம் புகுந்தது என்று சமண மரபு போற்றுகிறது. உயிரைப் பிணிக்கும் செவியே வீட்டுநெறிக்கு வாயிலாவது எங்ஙனம்?

இவ்வினாவிற்கான விடையைத் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் காணலாம். காந்தருவதத்தையார் இலம்பகத்தில் சீவகன் யாழ்ப்போட்டிக்கு வருகிறான். அவன்முன் வைக்கப்பெற்ற யாழ்களின் புறத்தோற்றத்தில் அவன் மயங்கவில்லை. மரத்தின் குற்றங்களை ஆராய்ந்து அவற்றை ஒதுக்குகிறான். குற்றமற்ற யாழை ஏற்று இசைத்து வெற்றி பெறுகிறான்.

அடுத்து வரும் குணமாலையார் இலம்பகத்தில், உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர்விடும் நாய் ஒன்றை அதே சீவகன் காண்கிறான். அங்கே யாழ் இல்லை, அவை இல்லை, பரிசும் இல்லை. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை அதன் செவியில் ஓதுகிறான். அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது.

அவையில் எழுந்த இசை பாடியவனுக்கு மணமாலையைத் தந்தது. நாயின் செவியில் ஓதிய ஒலியோ பிறிதோர் உயிருக்கு நற்கதியைத் தந்தது. ஒலியின் பயன் அதன் இனிமையில் மட்டும் இல்லை. ஒலிப்பவர் நெஞ்சின் அருளில் உள்ளது.

சமண இல்லங்களில் இசை இவ்வாறே வாழ்ந்து வந்தது. ஜினாலயத்தில் திருமஞ்சன வேளையில் பாடிய தோத்திரத்தையே பாட்டி அடுக்களையிலும் மெல்லப் பாடுவார். மடியில் கிடக்கும் குழந்தை பொருளை அறியுமுன் பண்ணை அறிந்துகொள்ளும். ஆண்டுகள் பல கடந்தபின், பொருள் வந்து அப்பண்ணில் அமரும்.

இன்று கைப்பேசி மந்திரத்தை நாள் முழுவதும் ஒலிக்கிறது. வீட்டிலுள்ளோர் வாய் திறப்பதில்லை. பதிவு செய்த ஒலியைக் கேட்பதில் பிழையில்லை. ஆயினும், இறுதிப் படுக்கையில் கிடக்கும் முதியவரின் செவி தம் மக்களின் குரலையே தேடும். ஒருநாளும் ஓதிப் பழகாத பிள்ளை அவ்வேளையில் எதை ஓதும்?

ஆதலின், ஞாயிறு மறையுமுன் உண்டெழுந்ததும், குடும்பத்தார் சிறிது நேரம் கூடியமர்ந்து வாய்விட்டு ஓதுக. குரல் இனிமை இல்லையே என்று எவரும் நாண வேண்டுவதில்லை. யாழின் குற்றத்தைச் சீவகன் ஆராய்ந்ததுபோல, சினமும் செருக்கும் தம் உள்ளத்தில் உண்டோ என்று ஒவ்வொருவரும் ஆராய்ந்து ஓதுக. அவ்வில்லத்தில் வளரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வைத்துச் செல்லும் செல்வம் அதுவே.

அறம் வளர்க!