நிலையான ஊதியம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் குமாஸ்தாவாகிய நான் பொருளாதாரம் பேச வரவில்லை. பிறருடைய சம்பளத்தை எழுதி எழுதி அறிந்த சிலவற்றையே கூறுகிறேன்.

சிவப்புச் சட்டையும் புயத்தில் பித்தளை வில்லையுமாக நம் நிலையத்தில் மூட்டை சுமப்போரைத் தாங்கள் அறிவீர்கள். அவர்களுக்கு ரயில்வே உரிமம் தருகிறது, சம்பளம் தருவதில்லை. சுமைக்கு இவ்வளவு என்பதே வருவாய். சக்கரப் பெட்டிகளும் நகரும் படிக்கட்டுகளும் வந்தபின் அதுவும் தேய்ந்தது. 2016-ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் அவர்களைக் 'கூலி' என்னாது 'சகாயக்' என அழைக்க வேண்டுமென அறிவித்தனர். பெயரில் மரியாதை ஏறிற்று. மடியில் ஒன்றும் ஏறவில்லை.

2008-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வந்ததே மெய்யான மாற்றம். உரிமம் பெற்ற சுமைதூக்குவோர் 'காங்மேன்' வேலையில் சேர அப்போது வழி செய்யப்பட்டது. அவ்வாறு சேர்ந்த ஒருவர் முதல் சம்பளம் பெற்றதும் என் மேசைக்கு வந்தார். தொகையைப்பற்றி அவர் கேட்கவில்லை. "பாபுஜி, அடுத்த மாதமும் இதேதானா?" என்றார். ஆம் என்றேன். "காய்ச்சலில் படுத்தால்?" "விடுப்பு இருந்தால் வரும்." சற்று நேரம் பேசாமல் நின்றார். சில மாதங்கள் கழித்து, மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கடன் வாங்கவேண்டிச் சம்பளச் சான்றிதழ் கேட்டு வந்தார். மளிகைக்கடைக்காரர் இப்போது தாமே கூப்பிட்டுப் பற்று எழுதுகிறாராம்!

இது தொழிலாளிக்கு மட்டும் நன்மை என்று எண்ண வேண்டா. இருப்புப்பாதையில் 'கீமேன்' நாள்தோறும் நடந்து, தண்டவாளப் பிடிப்புகள் தளர்ந்துள்ளனவா என்று பார்க்கிறார். இந்த விதர்ப்ப வெயிலில் தண்டவாளம் நீளும். சில சமயம் வளையவும் கூடும். மைலுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி கொடுத்தால் கால் விரையும்; கண் விரைந்து பார்க்குமா? ஐயம் தோன்றிய இடத்தில் அவர் நின்று சிவப்புக் கொடி காட்டலாம். அதனால் அவர் வீட்டு அரிசி குறையாது.

நிலைச் சம்பளம் சோம்பலை வளர்க்கும் என்பாரும் உண்டு. உண்மைதான், எங்கள் அறையிலேயே இரண்டொருவரைக் காட்டுவேன். அதற்கு மருந்து மேற்பார்வை, பட்டினி அன்று.

தொகையோடு நாளும் நிலைக்க வேண்டும். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைந்த இடங்களில் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள்ளும், ஏனைய இடங்களில் பத்தாம் தேதிக்குள்ளும் கொடுத்துவிட வேண்டுமென விதித்தது. பால்காரரும் வீட்டு வாடகையும் காத்திருப்பதில்லை என்பதை அறிந்து எழுதிய விதி அது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நம் ஞாயிறு வகுப்பில் தமிழ் கற்பிக்கும் அம்மையாருக்கு, வரும் குழந்தைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறோம். தேர்வு முடிந்து நாம் ஊருக்குப் புறப்பட்டால் மே, ஜூன் இரு மாதமும் அவருக்கு ஒன்றுமில்லை. என் மகனும் அங்கேதான் படிக்கிறான். சென்ற கோடையில் நானும் கொடுக்கவில்லை, நினைவே வரவில்லை.

ஆண்டு முழுவதும், விடுமுறை உட்பட, அவருக்கு மாதச் சம்பளம் என்று வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். அந்த இரண்டு மாதத்துக்கான என் பங்கை இன்று காலை பொருளாளரிடம் சேர்த்துவிட்டேன். ரசீது இன்னும் வரவில்லை.