பெட்டியைத் திறந்து பார்ப்போம்



ஜேடர்பாளையத்தில் இசை குறித்துப் பேசுவோர் சேலம், நாமக்கல் வட்டாரக் கூத்து மேடைகளை மறத்தல் இயலாது. அம்மேடைகளின் ஆர்மோனியம், 1842இல் பாரீசில் உரிமம் பெற்ற கருவியின் வழிவந்தது. 1940இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. கூத்தர்களோ அதனைக் கைவிடவில்லை.

ஆனால் நாம், ஒரு கட்டை ஒலிக்காவிடில் முழுப் பெட்டியையும் பரணில் ஏற்றிவிடுகிறோம். மேற்பாகத்தைப் பக்குவமாகத் தூக்கிப் பாருங்கள். பித்தளை ரீடுகள் வரிசையாகத் தெரியும். ஊமையான ரீடில் பெரும்பாலும் தூசியே அடைத்திருக்கும். அதன் நாக்கின் அடியில் மெல்லிய தாளைச் செலுத்தி இழுத்தால் குரல் மீளும்.

சுருதி பிசகியிருந்தால் மட்டுமே அரம் வேண்டும். நாக்கின் நுனியைத் தேய்த்தால் சுருதி ஏறும். அடிப்பகுதியைத் தேய்த்தால் இறங்கும். தேய்த்த பித்தளையை மீண்டும் ஒட்ட வழியில்லை. ஆதலின் கைதேர்ந்தவர் தூசியை முதலில் தேடுவர். அரத்தை இறுதியில் எடுப்பர்.

பழங்கவிதையைத் திருத்தப் புகும் நமக்கும் இதுவே நெறி. பரணில் உறங்கும் பெட்டிகளை இறக்குவோம். துடைத்துக் கூத்தர் கையில் சேர்ப்போம்.