வழக்குச் சொத்தும் நீதியும்

சாட்சியின் நினைவு மங்கக்கூடும். முறையாகக் காக்கப்பட்ட சான்றுப் பொருள் நிலைத்து நிற்கும். ஆனால் முத்திரை சிதைந்தாலோ, பதிவேட்டில் ஒரு கைமாற்றம் விடுபட்டாலோ அதன் நம்பகத்தன்மை குலைந்து, குற்றவாளி தப்பவும் நிரபராதி துன்புறவும் வழி பிறக்கிறது. காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடிக்கும் வாகனங்களோ உடைமையாளருக்கும் நாட்டிற்கும் நட்டம்.

சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய பொருள்களை 15 நாள் முதல் ஒரு மாதத்திற்கு மேல் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவு, நீதிமன்றம் 14 நாள்களில் பொருள் விவர அறிக்கையும், அதன்பின் 30 நாள்களில் தீர்வு ஆணையும் பிறப்பிக்கப் பணிக்கிறது.

இவ்விதி பயன்தர, பூட்டிய அறையும் குளிர்பதன வசதியும் பொறுப்புள்ள காப்பாளரும் தேவை. அதற்காகும் செலவைவிட, நீதி பிறழ்வதால் நேரும் இழப்பு பெரிது.