மாயாவி எந்தப் பக்கம்?



ரெட்டிபாளையத்தில் காமிக்ஸுக்கு ஒரு கருத்தரங்கா என்று வியந்தவர்கள் உண்டு. இன்று இந்த ஊரின் பெயரைச் சொன்னால் சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும்தான் பலருக்கு நினைவில் வரும். என் தலைமுறைக்கு நினைவில் வருவது வேறு. அரியலூர் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில், குறுக்கே கட்டிய கயிற்றில் வயிற்றோடு மடிந்து தொங்கிய புத்தகங்கள் எங்களுக்கு நினைவில் வரும். வாங்கக் காசு இருந்தவன் ஒருவன். படித்தவர்கள் முப்பது பேர். முப்பதாவது ஆளுக்கு வரும்போது அட்டையும் இருக்காது, கடைசித் தாளும் இருக்காது. கதை எப்படி முடிந்தது என்பதை நாங்களே சொல்லிக்கொள்வோம். ஆகவே இந்த மேடையில் நிற்க ஓர் உரிமை எனக்கு உண்டு என்றே நம்புகிறேன்.

1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய பதிப்பகம் அது. முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்தார். கதை லண்டனிலிருந்து வந்தது. 1962 அக்டோபரில் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தது. வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், ஆய்வுக்கூட விபத்தில் கடுமையான மின்னதிர்ச்சிக்கு ஆளாகிறார். உடல் முழுதும் மறைந்துவிடுகிறது. இரும்புக்கை மட்டும் மறைவதில்லை.

அந்தப் படத்தை ஒரு முறை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். இருட்டான அறை. மேசை விளக்கின் வட்டத்துக்குள் ஒரு கை மட்டும் வருகிறது. தோளில்லை, முகமில்லை. விரல்கள் ஒரு கோப்பைத் திறக்கின்றன. சுவரில் விழும் நிழல்கூடக் கையின் நிழல்தான். பிளாஸ்கோவின் கோடுகள் கருமையை அள்ளி இறைத்தவை. வண்ணம் இல்லாததே அந்தக் கதைக்குப் பலம். எங்கள் தெருவுக்கு அப்போதுதான் மின்கம்பம் வந்திருந்தது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வலது கையில் சுற்றிக்கொண்டு, அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டு ஓடுவோம். தொட்டவன் மறைந்துவிட்டதாகக் கணக்கு. அவனைப் பார்த்தாலும் பார்த்ததாகச் சொல்லக் கூடாது.

நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது ஒரே ஒரு கேள்வி. இந்த வீரனுக்கு நாம் ஏன் மாயாவி என்று பெயர் வைத்தோம்?

மாயாவி நம் மரபில் அசுரனின் பெயர். வாலியை நள்ளிரவில் போருக்கு அழைத்து, குகைக்குள் ஓடி, சுக்கிரீவனை வாசலில் காவல் நிற்க வைத்தானே, அவன். அண்ணன் தம்பிப் பகைக்கு வித்திட்ட அந்த அரக்கனின் பெயரைத் தமிழ்ச் சிறுவர்களின் முதல் பெரிய காமிக்ஸ் நாயகன் சுமந்துகொண்டு வந்தான். ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அடுத்ததைப் பாருங்கள். லீ ஃபாக் 1936-ல் படைத்த முகமூடி வீரர் ஃபாண்டம். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் வழியே இந்தியாவுக்குள் பரவியவர். பின்னர் தமிழுக்கு வந்தபோது அவர் வேதாளன் ஆனார். பிணத்துக்குள் புகுந்து முருங்கை மரத்தில் தொங்குமே, அந்த வேதாளத்தின் பெயர். ராணி காமிக்ஸுக்கு வந்தபோது அவரும் மாயாவி ஆனார். அசுரன், பேய், மறுபடி அசுரன். மக்களைக் காப்பவர்களுக்கு நாம் தேடித் தேடிச் சூட்டிய பெயர்கள் இவை.

பெயரோடு நிற்கவில்லை. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி. பீட்டர் ஓ'டோனல் எழுதிய மூலக்கதைப்படி அவள் ஒரு குற்றக் கும்பலின் தலைவியாக இருந்து, பிறகு உளவுத்துறைக்கு உதவ வந்தவள். அதே ஆண்டில் ஸ்பைடர் வந்தான், 'எத்தனுக்கு எத்தன்' என்ற தலைப்போடு. கூர்மையான காது, மேலேறிய புருவம், முதுகில் பறக்கும் கருவி, கையில் வலை வீசும் துப்பாக்கி. வாசகர்கள் செல்லமாகக் கூர்மண்டையன் என்பார்கள். அவனுக்கு உதவியாக விஞ்ஞானி பெல்ஹாம், பெட்டகம் உடைப்பதில் கைதேர்ந்த ஆர்டினி. குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவன் அவன். நல்லவனாவது பிறகுதான். நம் இரும்புக்கை மாயாவியும் முதல் கதையில் குற்றத்தில் இறங்கியவரே. நிழற்படை என்ற உளவு அமைப்பின் ஆளாக மாறியது அதற்கப்புறம்.

அமெரிக்க மரபில் சூப்பர்மேன் பிறவியிலேயே நல்லவர். எதிரியின் உடையே அவன் தீயவன் என்று அறிவித்துவிடும். உடையைப் பார்த்துப் பக்கம் பிரித்துவிடலாம். தமிழ்ச் சிறுவன் காதலித்த உடைகளோ அந்தக் கணக்குக்கு வரவே வராதவை. ஸ்பைடரின் எதிரிகளை விட ஸ்பைடர்தான் பார்க்கப் பயங்கரம். 'பாட்டில் பூதம்' கதையைப் படித்த எவரும் ஒப்புவார்கள், பூதத்துக்கும் அவனுக்கும் முகக்களையில் பெரிய தூரம் இல்லை.

இதை நாம் எளிதாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் தெருக்கூத்து என்பது என் கருத்து. விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் அருச்சுனனுக்கும் உண்டு, கர்ணனுக்கும் உண்டு, துரியோதனனுக்கும் உண்டு. கட்டை வேஷம் என்றால் எல்லாருக்கும் கட்டை வேஷம்தான். திரைக்குப் பின்னால் துரியோதனன் சுழன்றாடி வரும்போது எழும் ஆரவாரம் தருமனுக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. பதினெட்டாம் போர் முடிந்து படுகளத்தில் மண்ணால் பரத்திய துரியோதனன் உருவத்தை வீமன் அடிக்கிறான். அடுத்த நொடி நம் பெண்கள் அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்கள், வீட்டில் வைக்க. தோற்றவனின் தொடை மண் வீட்டைக் காக்கும் என்று நம்புகிற ஊரில், எத்தனாக இருந்தவன் காவலனாவதை விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் தேர்வுக்குப் பின்னால் வணிகக் காரணமும் இருந்தது. லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனத்திடமிருந்து கதைகள் கிடைத்தன. கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் சிவகாசி அச்சகத்துக்கும் சிறுவர் சட்டைப்பைக்கும் கட்டுப்படியாயின. கையில் வந்ததைத்தான் பதிப்பித்தார்கள். ஆனால் கையில் வந்ததில் எது நாற்பது, ஐம்பது ஆண்டு நிற்கிறது என்பதை வாசகன் தீர்மானித்தான். நான் பேசுவது அந்த வாசகனைப் பற்றி.

அந்தக் கதைகளின் குறையையும் இந்த அவை பேச வேண்டும். வேதாளன் காட்டின் மக்கள் ஒரு வெள்ளைக்காரரின் வருகைக்காகவே காத்திருப்பவர்கள் போல வரையப்பட்டார்கள். இயந்திர மனிதன் ஆர்ச்சியின் பயணங்களிலும் அதே பார்வை உண்டு. சிறுவனாக அதை நான் கவனிக்கவில்லை. இப்போது படிக்கும்போது வலிக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி மூன்று நாள் பேசலாம். ஆங்கிலத்தில் நாலைந்து குட்டிச் சொற்களை இரண்டு வரியாக உடைத்துப் பலூனுக்குள் அடுக்கிவிடலாம். தமிழில் அது 'ஒழித்துவிடுகிறேன்' என்று ஒரே சொல்லாகி, பலூனின் இரு சுவரிலும் முட்டும். சொல்லை நடுவில் வெட்டினால் மிரட்டல் செத்துப்போகும். அதற்காகவே தேடித் தேடிக் குட்டையான, குத்தும் வினைகளைப் பிடித்தார்கள். ஓசைகளும் அப்படியே: கும், சத், ணங், டுமீல், கிறீச். வில்லன்கள் பேசிய தமிழோ ராஜபார்ட் மேடையிலிருந்து நேரே இறங்கி வந்தது. லண்டனில் பிறந்த தீயவன் 'அடேய்' என்று தொடங்கிய கணத்திலேயே அவன் நம் ஊர்க்காரன்.

இவ்வளவும் செய்தவர்கள் பெயரில்லாமல் போனார்கள். அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்கள் கதாசிரியர், ஓவியர் பெயரைப் போடும் வழக்கமே இல்லாதவை. ஸ்பைடரை டெட் கோவன் படைத்து ரெக் பன் வரைந்தார். சில காலத்துக்குப் பின் கதை எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, 1938-ல் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடிய அதே சீகல். சூப்பர்மேனையே படைத்தவர் எழுதிய கதைகளைத்தான் அரியலூர்ப் பெட்டிக்கடையில் கயிற்றிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறோம். தெரியாமலே படித்திருக்கிறோம். இதை அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே அநீதியைத்தான் நாம் நம் மொழிபெயர்ப்பாளருக்கும், எழுத்து வரைந்தவருக்கும், அச்சுக் கோத்தவருக்கும் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சுண்ணாம்புக்கல்லில் சுருள் சுருளான நத்தைப் படிவங்களைப் பொறுக்கி வருவார்கள். வாரணவாசியில் அவற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பொறுக்கியவர்கள் இருந்ததால் அது இருக்கிறது. பழைய காமிக்ஸ் தாள் அந்தக் கல்லைப் போல் காத்திருக்காது. எடுத்த விரலில் பொடியாக ஒட்டிக்கொள்கிறது. என் முதல் சேகரிப்பை, பாடம் கெடுகிறது என்று ஒரு ஆசிரியர் வகுப்பிலேயே கிழித்தார். இரண்டாவதை வீட்டார் எடைக்குப் போட்டார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வீட்டில் சேர்த்துவைத்தவைதான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. காமிக்ஸுக்கும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஈரோடு புத்தகத் திருவிழா நாட்களில் லயன்-முத்து வாசகர்கள் கூடும்போது பாருங்கள், நரைத்த தலைகள் பிளாஸ்டிக் உறையிட்ட இதழ்களைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருப்பார்கள்.

மண்டபத்தின் பின்புறம் ஒரு மேசை போட்டிருக்கிறது. பழைய இதழ் கொண்டுவந்தவர்கள் அங்கே கொடுங்கள். படமெடுத்துவிட்டு மாலையே திருப்பித் தருவார்கள். கூடவே ஒரு சீட்டு இருக்கும். இதழின் பெயர், எந்தக் கடையில் வாங்கியது, யாரிடமிருந்து கைமாறி வந்தது என்று நினைவில் இருக்கும்வரை எழுதுங்கள். அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை. கடைசித் தாள் இல்லாதவர்கள், அப்போது நீங்களாகச் சொல்லிக்கொண்ட முடிவையும் எழுதிக் கொடுங்கள்.

முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.